லாரி நின்ற ஊர்: ஆலப்புழாவை வைத்து ஒரு திட்டப் பாடம்

நம் ஊர் நகராட்சி அலுவலகத்தில் "திட்டம் ரெடியா?" என்று கேட்டுப் பாருங்கள். மேசைமேல் வந்து விழுவது எஸ்டிமேட்டாக இருக்கும். இத்தனை வண்டி, இத்தனை தொட்டி, ஒரு கொட்டகை, ஒரு சுற்றுச்சுவர், மொத்தம் இத்தனை லட்சம். அப்புறம் மன்றத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். இதில் தப்பு ஒன்றும் இல்லை. செலவுக் கணக்கு இல்லாமல் எந்த வேலையும் நகராது. ஆனால் கொட்டகை கட்டி முடித்த மறுநாள் காலையில் குப்பை எங்கிருந்து எப்படி வரும், கலந்து வந்தால் யார் என்ன செய்வார், அது உரமாக எத்தனை நாள் ஆகும், அதுவரை அடுத்தடுத்த நாள் குப்பை எங்கே காத்திருக்கும் என்று அந்தத் தாளில் தேடினால் கிடைக்காது.

இந்தக் கேள்விகளை வரிசைப்படி கேட்டு, விடையை எழுதி வைப்பதுதான் திட்டமிடல் என்பது என் கட்சி. நகராட்சியில் சுற்றுச்சூழல் சார்ந்த வேலைக்கு வரும் இளம் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், வார்டு உறுப்பினர் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். அதைக் கற்க நல்லதொரு நிகழ்வு பக்கத்து மாநிலத்திலேயே கிடக்கிறது. படகு வீட்டில் ஏற நாம் போகிறோமே, அந்த ஆலப்புழா. அதை வெற்றிக் கதையாகப் பலர் சொல்லியாகிவிட்டது. நான் அதை ஒரு திட்டத் தாளாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்: எது எதற்கு முன்னால் வந்தது, எது கணக்கில் விட்டுப்போனது என்று.

ஊரும் சிக்கலும்

ஆலப்புழா நகராட்சியில் 52 வார்டுகள் என்பதும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.74 லட்சம் பேர் என்பதும் அந்தக் காலத்துக் கணக்கு. நம் ஊர்களோடு ஒப்பிட்டால் நடுத்தர அளவுள்ள நகரம். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் துறைமுகமாக வளர்ந்தது. சரக்குப் படகுகளுக்காக வெட்டிய கால்வாய்கள் இன்றும் ஊர் நடுவே ஓடுகின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். குப்பைக்குப் பள்ளம் தேடுகிறவருக்கு இதைவிட மோசமான நிலம் அமையாது.

அதனால் நகரம் தன் குப்பையை ஊருக்கு வெளியே அனுப்பியது. மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியைச் சேர்ந்த சர்வோதயபுரத்தில் ஒரு குப்பை பதப்படுத்தும் ஆலை. அங்கே நாளொன்றுக்கு 50 டன் அளவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. போனது பிரிக்காத குப்பை. மீன் கழிவும் பிளாஸ்டிக் பையும் ஒரே மூட்டையில் வந்தால் எந்த உர ஆலையும் தாங்காது. குவிந்தது, நாறியது. தன் வீட்டுக் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு கிராமம், தனக்குச் சம்பந்தமில்லாத நகரத்தின் குப்பையோடு குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. 2012இல் மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள்.

அப்போது கேரளம் முழுக்க இதே கதைதான். 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி, திருவனந்தபுரத்தின் குப்பை வந்துகொண்டிருந்த விளப்பில்சாலை ஆலைக்குப் பூட்டுப் போட்டது. திருச்சூரின் லாலூரிலும் நீண்ட போராட்டம். நகரத்துக் குப்பையைச் சுமக்கக் கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்த காலம் அது.

லாரி நின்றதும் ஆலப்புழாத் தெருமுனைகளில் குப்பை அழுகத் தொடங்கியது. சுற்றுலாவை நம்பிய ஊர் வேறு.

கேள்வியைத் திருத்தி எழுதுவது

இந்த இடத்தில் நாம் என்ன செய்திருப்போம்? "வேறு இடம் பாருங்கள்" என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கும். இல்லாவிட்டால் எரித்து மின்சாரம் எடுக்கும் எந்திரக்காரர் யாராவது பவர்பாயின்டோடு வந்திருப்பார்.

"ஆலப்புழாவுக்குப் புதிய கிடங்கு தேவை" என்று எழுதினால் அது சிக்கலைச் சொல்லும் வாக்கியம் போலத் தெரியும். உண்மையில் அதற்குள் விடை ஒளிந்திருக்கிறது. கிடங்குதான் விடை என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கேற்பக் கேள்வியை எழுதியிருக்கிறோம். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் செய்யும் பிழை இதுதான், அனுபவசாலிகளும் செய்கிறார்கள். இதற்கு ஒரு சின்ன மருந்து உண்டு. சிக்கலை எழுதும்போது நிலம், வண்டி, எந்திரம், கட்டடம் என்ற நான்கு சொற்களைத் தொடக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ளுங்கள். ஆலப்புழாவின் சிக்கல் அப்போது இப்படி வரும்: "நகரத்தில் தினமும் 50 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பெரும்பகுதி மக்கக்கூடியது. வீட்டு வாசலைத் தாண்டும்போதே அது மக்காத குப்பையோடு கலந்துவிடுகிறது. கலந்த குப்பையை ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை."

இப்படி எழுதியதும் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தானே தெரிகிறது. லாரி போய்ச் சேரும் இடத்தை விட்டுவிட்டு வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும்.

ஆலப்புழா அப்படித்தான் பார்த்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்னின்றார். நகராட்சியும், தூய்மைப் பணிக்கான மாநில அரசு அமைப்பான சுசித்வ மிஷனும் சேர்ந்தன. 2012 இறுதியில் "நிர்மல பவனம், நிர்மல நகரம்" தொடங்கியது. தூய வீடு, தூய நகரம் என்று பொருள். பெயரிலேயே வீடுதான் முன்னால் நிற்கிறது. உண்டாகும் இடத்திலேயே மக்கும் குப்பையைத் தீர்த்துவிடுவது என்பதுதான் மொத்தத் திட்டத்தின் அச்சு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லாரி ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஊரில் யாரும் சமையலறைக் கழிவைக் குழாயில் போட்டு உரமாக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள். வேறு வழியில்லை என்ற நிலை பாதி வேலையைச் செய்தது. ஆனால் அதே நெருக்கடியில் சிக்கிய ஊர்களெல்லாம் இந்த வழிக்கு வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வார்டு

52 வார்டிலும் ஒரே நாளில் தொடங்கவில்லை. முதலில் 12 வார்டு. நாமும் முன்னோட்டத் திட்டம் செய்கிறோம்தான். பெரும்பாலும் அது ரிப்பன் வெட்டுவதற்கு. அமைச்சர் வரும் வழியில் உள்ள, படித்தவர்கள் குடியிருக்கும் நல்ல வார்டாகப் பார்த்து எடுத்து, "வெற்றி" என்று அறிவித்து, மறுமாதமே ஊர் முழுக்க விரிப்போம். நெரிசலான வார்டில் அது படுத்துவிடும்.

முன்னோட்டம் என்பது எங்கே தோற்போம் என்று தெரிந்துகொள்வதற்கு. அதனால் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த விளைவு வந்தால் இதை மாற்றுவோம், எது வந்தால் நிறுத்துவோம்? "மூன்று மாதத்துக்குப் பிறகு பாதி வீடுகளுக்கு மேல் உரக் குழாயைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், மானியத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கேட்போம்" என்பது போல. முன்கூட்டி எழுதாவிட்டால், எந்த விளைவு வந்தாலும் அதற்கு வெற்றி என்று பெயர் வைத்துவிடுவோம். மனித இயல்பு அப்படி.

ஆலப்புழா கையில் எடுத்த கருவிகள் மூன்று. முதலாவது குழாய் உரம்: செங்குத்தாக நட்ட இரண்டு பிவிசி குழாய்கள். ஒன்றில் சமையலறைக் கழிவைப் போட்டு வந்து, நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது. இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது உரமாகிவிடும். இரண்டாவது கருவி வீட்டு எரிவாயுக் கலன். கழிவைக் கரைத்து ஊற்றினால் அன்றைய சமையலில் ஒரு பகுதிக்கு அடுப்பு எரியும். இரண்டுக்கும் பெரும்பங்கு மானியம் உண்டு. மீதியை வீட்டுக்காரர் கட்டினார். மூன்றாவது, வீட்டில் இடமே இல்லாதவர்களுக்கும் கடைத்தெருவுக்கும் பொதுத் தொட்டி.

குழாயை நட மண் வேண்டும். ஆலப்புழாவில் பல வீட்டு மனைகள் மழைக்காலத்தில் ஊறிக் கிடக்கும். எரிவாயுக் கலனுக்கு வெயில் படும் மூலையும், தினமும் கழிவைப் பொடித்து ஊற்றும் ஓர் ஆளும் வேண்டும். ஆகவே "வார்டுக்கு 500 குழாய்" என்று எஸ்டிமேட்டில் எழுதுவதற்கு முன், எந்த வீட்டில் மண் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று தெரு தெருவாக எண்ணி எடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்புக்குத்தான் முதல் மாதம். கருவி கொள்முதல் அதற்கு அப்புறம். மார்ச் மாதம் நிதி காலாவதியாகிவிடும் என்ற அவசரத்தில் நாம் இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். குழாய் முதலில் வந்து இறங்குகிறது; பிறகு அதற்கு வீடு தேடுகிறோம். கடைசியில் அது மொட்டைமாடியில் ரோஜாச் செடித் தொட்டியாகிறது.

தொட்டிக் கணக்கு

பொதுத் தொட்டிதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, ஏனென்றால் திட்டமிடலின் அடிப்படைக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. இதைத் தும்பூர்முழி முறை என்பார்கள். திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழியிலுள்ள, கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவானது. நான்கடிக்கு நான்கடிக்கு நான்கடிப் பெட்டி. காற்றுப் போக இடைவெளி விட்ட சுவர்கள். அடியில் சாணம், மேலே காய்ந்த சருகு, அதன்மேல் கழிவு என்று ஆறாறு அங்குலமாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். சருகு போதுமான அளவு இருந்தால் நாற்றம் இல்லை, கசிவு இல்லை. நிறைந்தபின் 90 நாள் விட்டால் உரம். படியப் படிய இடம் உண்டாவதால், ஒரு பெட்டி ஏறத்தாழ 2 டன் கழிவை வாங்கிக்கொள்ளும்.

சரி, உங்கள் வார்டில் 1,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு அரைக் கிலோ மக்கும் குப்பை. எத்தனை தொட்டி வேண்டும்?

பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டால் வேகமாக வரும் விடை: "நாளுக்கு 500 கிலோ, தொட்டி 2 டன் கொள்ளும், நான்கு நாளுக்கு ஒரு தொட்டி, ஆக நான்கு தொட்டி கட்டினால் தாராளம்." நான்கு தொட்டியைக் கட்டிப் பார்ப்போம். 16ஆம் நாள் நான்கும் நிறைந்துவிடும். 17ஆம் நாள் காலையில் 500 கிலோ வந்து நிற்கும். முதல் தொட்டி நிறைந்தது 4ஆம் நாள். அதைத் திறக்க 94ஆம் நாள் ஆகும். நடுவில் ஏறத்தாழ இரண்டரை மாதக் குப்பை எங்கே போகும்? தொட்டிக்குப் பக்கத்தில் குவியும். அக்கம்பக்கத்தார் புகைப்படம் எடுத்து அனுப்புவார்கள். "இந்த முறை நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று கோப்பு மூடப்படும். முறைமேல் பழி சொல்லிப் பயனில்லை. காத்திருக்கும் நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரியான கணக்கு இது: நிறைய 4 நாள், ஆற 90 நாள், ஒரு தொட்டி மறுபடி கைக்கு வர 94 நாள். நான்கு நாளுக்கு ஒன்று வீதம் 94 நாளுக்கு 24 தொட்டி. 1,000 வீட்டுக்கு 24 தொட்டி என்றதும் ஆணையர் மயங்கி விழுவார். இப்போது பாதி வீடுகள் தங்கள் கழிவைத் தாங்களே குழாயிலோ கலனிலோ தீர்த்துக்கொள்கின்றன என்று வையுங்கள். நாளுக்கு 250 கிலோ. தொட்டி நிறைய 8 நாள். சுற்று 98 நாள். 13 தொட்டி போதும். வீட்டுக் கருவி முதலில், பொதுத் தொட்டி இரண்டாவது என்று ஆலப்புழா வைத்த வரிசைக்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல நியாயம். முதல் வேலை நடக்காமல் இரண்டாவதைத் தொடங்கினால் இரண்டு மடங்கு தொட்டி கட்ட வேண்டிவரும். எந்த வேலை எதன்மேல் ஏறி நிற்கிறது என்று பார்ப்பது இதுதான். காண்ட் சார்ட் என்ற கால அட்டவணையில் வேலைகளைக் கோடு கோடாகப் போடுவதெல்லாம் இதைத் தாளில் காட்டும் வழி; மென்பொருள் தெரியாவிட்டாலும் சுவரில் சாக்பீஸால் போடலாம்.

சருகுக் கணக்கு இன்னும் சுவாரசியம். கழிவு தினமும் வரும். சருகு தினமும் வராது. மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் தை தொடங்கிப் பங்குனிக்குள். கேரளத்தில் ஜூன் மாதம் பருவமழை பிடித்துக்கொண்டால் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? ஈரச் சருகை அடுக்கினால் தொட்டி நாறும். ஆகவே கோடையிலேயே கூட்டி, சாக்கில் கட்டி, நனையாத கூரையின்கீழ் வைக்க வேண்டும். அந்தக் கூரை எஸ்டிமேட்டில் உண்டா? சருகு கூட்டும் தூய்மைப் பணியாளரிடம் அதைக் கொளுத்த வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏற்ப மாதங்கள் மாறும், கேள்வி மாறாது. ஒரு திட்டத்தைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சருகு சமாச்சாரங்கள்தான். கோடி ரூபாய் விஷயங்களை எல்லோரும் கவனிப்பார்கள்.

பொதுத் தொட்டியை வைக்கும் இடத்திலும் ஒரு சங்கடம் காத்திருக்கும். தன் தெருவில் குப்பைத் தொட்டி வருகிறது என்றால் யார் சும்மா இருப்பார்? சர்வோதயபுரத்துக்காரர்களுக்கு இருந்த அதே பயம், இப்போது நகரத்துக்காரர்களுக்கும். வாதம் பண்ணி இதைத் தீர்க்க முடியாது. நாறாத ஒரு தொட்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆலப்புழாவில் இந்த மையங்களின் சுவர்களில் ஓவியம் வரைந்து, செடி வைத்து, பூங்கா போல ஆக்கினார்கள். அலங்காரச் செலவு என்று தணிக்கைக்காரர் சிவப்பு மை போடக்கூடிய இனம். என்னைக் கேட்டால் அந்தச் சுவர் ஓவியம் சிமென்ட் அளவுக்கு அவசியமானது. முன்பு தெருத்தெருவாகக் குப்பை அள்ளிய பணியாளர்கள் அங்கே நின்று கழிவை வாங்கி அடுக்குபவர்களானார்கள். பணியாளர் ஒருவரின் அன்றாட வேலையே மாறுகிறது என்றால், அதைத் திட்டத்தில் ஒரு தனி வேலையாக எழுதிப் பேசி முடிக்க வேண்டும். அவரிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது நம் ஊர் வழக்கம்.

மக்காத குப்பைக்கு வேறு ஏற்பாடு; மாநிலம் முழுக்க உள்ள ஹரித கர்ம சேனைப் பெண்கள் பின்னாளில் வீடு வீடாகப் போய்க் கழுவிய, உலர்ந்த பிளாஸ்டிக்கை வாங்கத் தொடங்கினார்கள். அது தனிக் கட்டுரை.

திட்டம் எழுத எங்கே கற்றார்கள்?

இதெல்லாம் 2012இல் திடீரென்று வந்த சாமர்த்தியம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கேரளத்தில் உள்ளாட்சிகள் திட்டம் எழுதப் பழகியது 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். "முதலில் திறமை வரட்டும், அப்புறம் பணம் கொடுக்கலாம்" என்பது உலக வழக்கம். அவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். பணம் வருகிறது என்று தெரிந்ததும் கற்க வேண்டிய கட்டாயம் வந்தது. முதல் ஆண்டில் மட்டும் ஏழு சுற்றுப் பயிற்சி: ஏறத்தாழ 15,000 மக்கள் பிரதிநிதிகள், 25,000 அலுவலர்கள், 75,000 தன்னார்வலர்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய மாநிலத் திட்டக்குழு உறுப்பினர்களில் ஒருவர் தாமஸ் ஐசக். பதினாறு ஆண்டு கழித்து ஆலப்புழாவில் அவர் கையில் இருந்தது அந்தப் பழக்கம்தான்.

அங்கே வரிசை இப்படி இருந்தது: கிராம சபையில் தேவைகள், அவற்றை வைத்து ஒவ்வோர் உள்ளாட்சியும் தன்னைப் பற்றி எழுதும் வளர்ச்சி அறிக்கை, கருத்தரங்கு, துறைவாரியான பணிக்குழுக்கள், அவை எழுதும் திட்டத் தாள்கள். தாளில் நோக்கம், பயனாளிகள், வேலைகள், யார் செய்வார், பணம் எங்கிருந்து, எப்படிக் கண்காணிப்பது என்ற தலைப்புகள் இருக்க வேண்டும். செலவு அவற்றில் ஒன்று மட்டும்.

முதல் ஆண்டில் வந்த தாள்களில் பல மிக மோசம். தொழில்நுட்பக் கணக்குத் தப்பு, பணக் கணக்குத் தப்பு. இதைப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா, பஞ்சாயத்துக்காரர்களுக்கு எழுத வராது" என்று பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கலாம். மாறாக, ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பேராசிரியர்கள், மருத்துவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமைத்தார்கள். அவர்கள் வேலை தாளை நிராகரிப்பதில்லை. எழுதியவரோடு உட்கார்ந்து திருத்துவது.

இந்தப் பகுதியைத்தான் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நம் ஒவ்வோர் ஊரிலும், காலை நடையில் நகராட்சியைத் திட்டிக்கொண்டே போகும் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவராவது இருப்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தொட்டிக் கணக்கை அவரிடம் காட்டலாம். 90 நாள் விட்டுப்போனதை அவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். மூன்று நாள் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழைவிட, சொந்தத் தாளில் ஒரு பெரியவர் போடும் சிவப்புக் கோடு அதிகம் கற்றுத்தரும்.

பிசகியவை

2017இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் ஐந்து நகரங்களின் பட்டியலில் ஆலப்புழாவைச் சேர்த்தது. ஒசாகா, லுப்லியானா, பினாங்கு, காஹிகா ஆகியவை மற்ற நான்கு. பெருமைதான். ஆனால் திட்டம் கற்கிறவருக்கு விருதுக்குப் பின்னால் உள்ள பலவீனங்கள்தான் முக்கியம்.

எரிவாயுக் கலன் ஓர் உயிருள்ள வயிறு போன்றது. எலுமிச்சைத் தோலும் புளித்த சாம்பாரும் அதிகம் போனால் புளித்துவிடும், வாயு நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் சோர்ந்துவிடும். கூப்பிட்டால் வந்து சரிசெய்ய ஓர் ஆள் இருந்தால் அது ஓடும். இல்லாவிட்டால் சில மாதத்தில் வெறும் பிளாஸ்டிக் டிரம். மானியத் திட்டங்கள் எங்கும் சறுக்குவது இங்கேதான். கலன் வாங்கப் பணம் உண்டு, ஒரே தடவை. பழுது பார்ப்பவருக்குச் சம்பளம் மாதா மாதம் வேண்டும். அதற்குத் திட்ட நிதியில் தலைப்பே இருக்காது. என் கணிப்பில், வீட்டுக் கருவிகளை நம்பிய எந்தத் திட்டத்திலும் பழுது பார்க்கும் ஆளின் ஐந்தாண்டுச் சம்பளத்தை முதல் நாளே எழுதாவிட்டால் மீதி எழுத்தெல்லாம் வீண்.

இதோடு ஒட்டியதுதான் அளவீடு. "2,000 கலன் வழங்கினோம்" என்பது வழங்கியதற்குக் கணக்கு. ஓராண்டு கழித்து எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது வேறு கணக்கு. மாதாந்திர அறிக்கையில் முதலாவது மட்டும் இருந்தால், திட்டம் செத்த பிறகும் அறிக்கை ஆரோக்கியமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், ஓர் ஊர் கற்றது பக்கத்து ஊருக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆலப்புழாவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் கொச்சி. 2023 மார்ச் 2ஆம் தேதி அங்கே பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. பத்து நாளுக்கும் மேலாக நகரம் புகையில் மூச்சுத் திணறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பக்கத்து ஊருக்கு ஐநா பாராட்டு வந்து அப்போது ஆறாவது ஆண்டு.

கால்வாய்

கடைசியாக, திட்டத்தின் எல்லை பற்றி. ஆலப்புழாவின் தெருக்கள் சுத்தமாயின, கால்வாய்கள் ஆகவில்லை. ஏனென்றால் "நிர்மல பவனம்" திண்மக் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டது. சமையலறைத் தொட்டி நீரும் கழிவறைக் குழியின் கசிவும் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை; எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஆனால் எதை விட்டோம் என்று எழுதி வைப்பதும் திட்டத்தின் பகுதி. எழுதி வைத்தால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம்.

2017இல் அப்படி ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. மும்பை ஐஐடியும், திருச்சூருக்குப் பக்கத்தில் உள்ள கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமும், நகராட்சியும் சேர்ந்து "கனால்பி" என்ற பெயரில் கால்வாய்ப் பணியைத் தொடங்கின. மாணவர்கள் வகுப்பறையில் உட்காரவில்லை. கால்வாய்க் கரையோரமாக நடந்தார்கள். வீடுகளுக்குப் போய், கழிவுநீர் எங்கே போகிறது, கழிவறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விசாரித்து வரைபடத்தில் குறித்தார்கள். எந்தத் தொழில்நுட்பம் என்ற பேச்சு அந்த வரைபடத்துக்குப் பிறகுதான். சுற்றுச்சூழல் திட்டமிடலை ஒரு நகராட்சியில் கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வார்டிலும் ஒரு வாய்க்கால் இருக்கும். காலை ஏழு மணி, எல்லா வீட்டிலும் தண்ணீர் புழங்கும் நேரம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வாய்க்காலின் ஒரு முனையிலிருந்து நடந்து, அதில் திறக்கும் ஒவ்வொரு குழாயையும் எண்ணிட்டு, எந்த வீட்டுடையது, வருவது சோப்புத் தண்ணீரா வேறா என்று குறியுங்கள். சித்திரை, வைகாசியில் போவது நல்லது. மழை பிடித்துக்கொண்டால் நீர் மட்டம் ஏறி, பாதிக் குழாய்களின் வாய் தண்ணீருக்குள் மறைந்துவிடும்; அப்புறம் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.